வலது கையின் அளவு

கத்திரிக்கோல் சுருங்கிவிட்டது என்று சாணை பிடிப்பவரிடம் சண்டைக்குப் போனார் மாஸ்டரம்மா. இரும்பு எங்கேயாவது சுருங்குமா என்று அந்த மனிதர் பாவமாகக் கேட்டார். "அப்ப என் கட்டைவிரல்தான் பெருத்துப் போச்சுன்றீங்களா?" என்று இவர் எகிறினார். உண்மையில் விரல்தான் பெருத்திருந்தது. சாணைக்காரருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டார். மாஸ்டரம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்த சேதி. பேசாமல் அரத்தை எடுத்து, கட்டைவிரல் நுழையும் வளையத்தின் உள்பக்கத்தை ராவிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

தையல்கூடத்தில் துணி வெட்டுகிறவரை மாஸ்டர் என்பார்கள். தைக்கிறவர் தப்புச் செய்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். வெட்டுகிறவர் தப்புச் செய்தால் அந்தத் துணி அடுப்பங்கரைக்குக் கரித்துணிதான். ஒரு அச்சகத்துக்கு மேலே, நீளமான அறையில், ஆறு தையல் இயந்திரங்களுக்கு நடுவே, கட்டில் அகல மேசையில் முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறார் மாஸ்டரம்மா. ஆஸ்பத்திரி, ஓட்டல், பள்ளிக்கூடம், காவலாளிகள் என்று பாதி ஊர் அவர் வெட்டிய சீருடையில்தான் வேலைக்குப் போகிறது. பேச்சும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அவருடைய படிப்பு, பட்டம், பெருமை எல்லாம் அந்த வலது கை.

அதனால்தான், இரண்டு வருஷத்துக்கு முன்பு வலது மார்பில் கட்டி, புற்றுநோய், அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொன்னபோது, மற்றவர்கள் கேட்கிற கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை. "கத்திரி பிடிக்க முடியுமா?" என்றுதான் கேட்டார். பிடிக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க வேண்டும், அப்படி எடுத்தால் அந்தக் கை பின்னால் வீங்க வாய்ப்பு உண்டு, கவனிக்காமல் விட்டால் வீக்கம் இறுகி நிரந்தரமாகிவிடும் என்றும் சொன்னார். பதினோரு முடிச்சுகளை எடுத்தார்கள். இரண்டில் நோய் இருந்தது. கதிர்வீச்சு, மருந்து எல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, "மாசம் ஒரு தடவை கையை அளந்து எழுதி வையுங்க" என்றார்கள்.

மாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரிடம் வந்து அளக்கச் சொல்கிறார்கள்! அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, காலை டீக்கு முன்பு, மேசை ஓரத்தில் நின்று அளந்து எழுதினார். பதினான்கு மாதமும் ஒரு நூல்கூட மாறவில்லை. பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் நோட்டை நீட்டுவார், ரொம்ப ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள் என்று பாராட்டு வாங்கி வருவார்.

இதற்கு நடுவில் அவர் ஒரு காரியம் செய்தார். மருந்து ஏறிப் படுத்துக் கிடந்த நாட்களில் கைபேசிக்கு யாரோ அனுப்பிய வீடியோ ஒன்றைப் பார்த்தார். அதில் ஒரு ஆள், அக்குளை இறுக்கும் உடைதான் நிணநீரை அடைக்கிறது, அடைத்த இடத்தில் விஷம் தேங்கிப் புற்றுநோயாகிறது என்று வாய் கிழியப் பேசினான். மாஸ்டரம்மா ஆடிப்போய்விட்டார். அக்குள் சுற்றைக் கச்சிதமாக வெட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. தனக்கும் அப்படித்தான் தைத்துப் போட்டார், ஊருக்கும் அப்படித்தான் தைத்தார். வேலைக்குத் திரும்பியதும் யாரிடமும் சொல்லாமல் எல்லா உடையிலும் அக்குளை ஓர் அங்குலம் இறக்கி வெட்ட ஆரம்பித்தார். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன சட்டைகளில் இன்னும் ஓர் அங்குலம் கூடுதல். "அம்மா, இந்தச் சட்டைக்குள்ள நானும் என் ரூம்மேட்டும் சேர்ந்தே போலாம்" என்று அவள் போனில் கேலி செய்தாள். "காத்தோட்டமா இருக்கட்டும்டி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தன் சட்டைகளும் தொளதொளவென்று ஆகிவிட்டதால் வலது கை வளர்ந்தது அவருக்கே தெரியவில்லை. மூன்று மாதமாகச் சாயங்காலம் ஆனால் கை கனத்தது. புதுச் சீருடைத் துணி தடிமன் என்று மில்காரனைத் திட்டினார். விரல் இறுகியது. சாணைக்காரரைத் திட்டினார். பரிசோதனைத் தேதி வந்தபோது ஆஸ்பத்திரிக்கான நாற்பத்திரண்டு நர்ஸ் சட்டைகள் மேசையில் கிடந்தன. அதே ஆஸ்பத்திரிக்குத்தானே தைக்கிறோம் என்ற தைரியத்தில் தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டார்.

அந்த நாற்பத்திரண்டும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூட்டையாகத் திரும்பி வந்தன. கொண்டுவந்தது வார்டு சிஸ்டர். மாஸ்டரம்மா சிகிச்சைக்குப் படுத்திருந்த வார்டுக்கு அவர்தான் பொறுப்பு. நோய்க்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வெட்டிய முதல் மூட்டை இதுதான்.

"மாஸ்டரம்மா, உங்க தையல்ல இதுவரைக்கும் ஒரு பட்டன் அறுந்ததில்ல. இந்தத் தடவை என்ன ஆச்சு? ட்ரிப் பாட்டிலை மாட்டக் கையைத் தூக்கினா சட்டையும் கூடவே மேல வருது. எங்க பொண்ணுங்க ஒரு கையில பாட்டில், ஒரு கையில சட்டைன்னு நிக்கிறாங்க."

ஆறு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. காஜா எடுத்துப் பட்டன் கட்டும் பெண்ணை எல்லாரும் காஜா என்றே கூப்பிடுவார்கள். அவள் மட்டும் ஊசியில் நூல் கோப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். மாஸ்டரம்மாவின் வெட்டைக் குறை சொல்லி யாரும் அந்தப் படி ஏறி வந்ததில்லை.

"தெரியாம வெட்டல. தெரிஞ்சேதான் வெட்டினேன்" என்றார் மாஸ்டரம்மா. "அக்குளை இறக்கினா கையைத் தூக்கும்போது சட்டை ஏறும்னு எனக்குத் தெரியாதா? இங்க பாருங்க." ஒரு சட்டையை எடுத்து மேலே போட்டு, வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

சிஸ்டர் சட்டையைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். கட்டைவிரலில் கத்திரி வளையம் பதிந்த தடம் சிவந்து கிடந்தது. புறங்கையில் எலும்பு முட்டுகள் மறைந்து, பஞ்சு அடைத்ததுபோல மேடாக இருந்தது.

"கையைக் கொடுங்க." சிஸ்டர் முன்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தில் குழி விழுந்தது. மெதுவாகத்தான் நிரம்பியது. "கையை அளக்கச் சொன்னோமே, அளக்கலையா?"

"அளக்காம இருப்பேனா?" மாஸ்டரம்மா மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டைப் போட்டார். "பதினாலு மாசம். ஒரு நூல் மாறல. பாருங்க."

சிஸ்டர் புரட்டினார். "இது எந்தக் கை?"

"எந்தக் கையா இருந்தா என்ன? கை கைதானே."

"மாஸ்டரம்மா, எந்தக் கை?"

"டேப்பை வலது கையால புடிச்சுத்தானே அளக்க முடியும்? அப்ப இடது கையைத்தானே அளப்போம்? இங்க வர்ற யாருக்கும் நான் ஒரு கைதான் அளக்குறேன். துணியை ரெண்டா மடிச்சுப் போட்டு ஒரே வெட்டுல ரெண்டு கையும்..."

அதோடு நிறுத்திக்கொண்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது. காஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, வாயைப் பொத்தினாள். சிஸ்டர் சிரிக்கவில்லை. மாஸ்டரம்மா கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, அங்குலப் பக்கத்தைத் திருப்பி சென்டிமீட்டர் பக்கத்தை எடுத்தார். முழங்கைக்குக் கீழே பத்து சென்டிமீட்டரில் அளந்தார். இடது கை இருபத்து மூன்று. வலது கை இருபத்தைந்தரை.

"ஒரு இன்ச்" என்றார் மாஸ்டரம்மா. அரை நூல் தப்பினால் ஆளைத் தொலைத்துவிடுகிற மனுஷி அவர். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "சிஸ்டர், திரும்ப வந்துடுச்சா?"

"தெரியாது. நிணநீர் தேங்கினதாத்தான் இருக்கும்னு தோணுது. ஆனா நானா சொல்லக் கூடாது. திங்கட்கிழமை காலையில டாக்டரைப் பாருங்க. செவ்வாய், புதன்னு தள்ளாதீங்க."

"நிணநீர், நிணநீர்ன்றீங்க, அது எங்கதான் இருக்கு?"

"கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டும்ல? அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. உடம்பு முழுக்க, ரத்தக்குழாயில இருந்து கசியிற நீரை மெல்லிசான குழாய்கள் திரும்ப எடுத்துட்டுப் போகுது. நடுவுல இந்த முடிச்சுகள் வடிகட்டும். மார்புல இருந்து போற நீர் பெரும்பாலும் அக்குளுக்குத்தான் போகும். அதனாலதான் நோயும் மொதல்ல அந்த வழியா நகரும். அதனாலதான் அங்க எடுத்தோம். எடுத்ததால கையில இருந்து வர்ற நீருக்குப் பாதை குறைஞ்சு போச்சு."

மாஸ்டரம்மா தரையில் கிடந்த துணித் துண்டுகளைக் காலால் ஒதுக்கினார். பிறகு, இவ்வளவு நாளாக மனசில் பூட்டி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டார். "அந்தப் பாதையை மொதல்ல அடைச்சதே நான்தானே, சிஸ்டர்? இறுக்கி இறுக்கித் தச்சுப் போட்டேன். எனக்கு வந்தது போகட்டும். என் பொண்ணுக்குப் பதிமூணு வயசுல இருந்து நான்தான் தைக்கிறேன். உடம்புல ஒட்டி நிக்கணும், அழகா இருக்கணும்னு. அவளுக்கும் நானே வச்சுட்டேனோன்னு..." கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவர் அழுது அந்த அறை பார்த்ததில்லை.

"யாரு சொன்னது இதை?"

வீடியோவைச் சொன்னார். சிஸ்டர் முழுவதையும் கேட்டார்.

"சரி, அந்த ஆள் போன்ல ஒரு சட்டைக்கு அளவு சொன்னா நீங்க வெட்டுவீங்களா?"

"எப்படி வெட்டுவேன்? நானே டேப் வச்சு அளந்தாத்தான்."

"துணிக்கே அப்படி. உடம்புக்கு மட்டும் எவனோ சொன்ன அளவை எடுத்துக்கிட்டீங்களே?"

மாஸ்டரம்மாவுக்குச் சுருக்கென்றது.

"சட்டையால புற்றுநோய் வராது. நம்ம கையில இல்லாதது நிறைய: வயசு, பரம்பரை, உடம்புக்குள்ள ஓடுற ஹார்மோன். கையில இருக்கிறது கொஞ்சம்: மாதவிடாய் நின்ன பிறகு ஏறுற எடை, அசையாம இருக்கிறது, குடி. இதெல்லாம் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். அவ்வளவுதான். தினமும் ஓடுற பொண்ணுக்கும் வந்து என் வார்டுல படுத்திருக்கா. அதனால பழி போட ஆள் தேடாதீங்க. பொண்ணு, அம்மாவுக்கு இப்படி வந்ததுன்னு அவ டாக்டர்கிட்ட சொல்லட்டும். எப்ப இருந்து பரிசோதனை பண்ணணும்னு அவங்க சொல்லுவாங்க."

மாஸ்டரம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்தார். வந்த கோபம் இப்போது சரியான ஆள் மேல் திரும்பியது. "அந்தப் பாவி மட்டும் கையில கெடச்சான்னா..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மூட்டையைப் பிரித்தார். "நாப்பத்திரெண்டுக்கும் அக்குள்ல துண்டு வச்சு சரி பண்ணிக் கொடுக்கிறேன்."

"சட்டை காத்திருக்கும். மொதல்ல கை" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் படி இறங்கினார்.

மாஸ்டரம்மாவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். தான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஒரு நாள்கூட நின்றதில்லை என்பது அவர் பெருமை. அந்தப் பெருமையின் பலனாக, நாலாவது மாடி வீட்டுக்கு மாஸ்டரம்மா பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவையும் படி ஏறியதில்லை. வீட்டிலிருந்து லிஃப்ட், வாசலிலிருந்து வண்டி, கூடத்தில் மேசை. நாளைக்கு ஆறு டீ, டீக்கு நாலு பிஸ்கட். நாற்பத்தைந்துக்கு மேல் உடம்பு அதுபாட்டுக்கு ஏறியது. தன் சட்டையின் பக்கத் தையலை அவரே வருஷா வருஷம் பிரித்து விட்டுக்கொண்டார். அதையும் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னார், நோட்டு விஷயம் உட்பட. மனுஷர் சிரிக்கவில்லை. வீங்கிய கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ரத்தத்துக்கு இதயம் இருக்காம். இந்த நீருக்குன்னு அப்படி ஒரு பம்பு கிடையாதாம். தசை அசைஞ்சு, மூச்சு இழுத்துத்தான் பெரும்பாலும் நகருமாம். அந்தச் சிஸ்டர் போன்ல சொன்னாங்க" என்றார் மாஸ்டரம்மா.

"மோட்டார் இல்லாத லிஃப்ட்னு சொல்லு" என்றார் அவர். "அப்ப நீதான் கயிறு இழுக்கணும்."

"நாளைக்கு என்ன சொல்லுவாங்களோ."

"என்ன சொன்னாலும் நான் பக்கத்துல இருப்பேன். கெளம்பு, படியில இறங்கிட்டு வருவோம்."

"உங்க லிஃப்ட் கோவிச்சுக்காதா?"

"அது இரும்பு. அதுக்கு ரோஷம் கிடையாது."

இறங்குவது சுலபமாக இருந்தது. ஏறும்போது இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கி, இருவரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மேலே இருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய், "என்னங்க, லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டார். வீட்டுக்காரருக்கு அதுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். புதன்கிழமைதான் முடிவு என்றார்கள். அந்த இரண்டு நாளும் மாஸ்டரம்மா கத்திரியைத் தொடவில்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுண்ணக்கட்டியால் கோடு போட்டார், அழித்தார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே நடந்தார். பயமாக இருந்தது என்று பிறகு அவரே எல்லாரிடமும் சொன்னார். சாவதற்கு இல்லை, கத்திரி பிடிக்க முடியாத ஆளாக உயிரோடு இருப்பதற்கு என்றார்.

புதன்கிழமை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். நோய் திரும்பவில்லை. ரத்தக் கட்டும் இல்லை. நிணநீர்தான் தேங்கியிருக்கிறது, ஆரம்பக் கட்டம், குறைக்க முடியும்.

"கத்திரி பிடிக்க முடியுமா?" இரண்டு வருஷத்துக்குப் பிறகு அதே கேள்வி.

"பிடிக்கலாம். பிடிக்கவும் வேணும். கை அசையணும். ஒரே மூச்சா வெட்டாதீங்க, அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்திக் கையைத் தூக்கி நீட்டுங்க. நடங்க, எடை கொஞ்சம் குறையட்டும். ஊசி குத்தினா அலட்சியமா விடாதீங்க, சுத்தம் பண்ணி மருந்து போடுங்க. கை சிவந்து சூடானா உடனே வாங்க. அப்புறம், இறுக்கமான ஒரு கையுறை தர்றோம், தோள் கிட்ட வரைக்கும். பகல் முழுக்கப் போட்டுக்கணும்."

"இறுக்கமாவா?" என்றார் மாஸ்டரம்மா.

"இறுக்கமாத்தான். மணிக்கட்டுல அதிக இறுக்கம், மேல போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமா தளர்வு. அப்பத்தான் நீர் மேல ஏறும்."

இறுக்கம் ஆகாது என்று நாற்பத்திரண்டு சட்டைகளைக் கெடுத்த மனுஷிக்கு இறுக்கமே மருந்தானது. மாஸ்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வெளியே வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த உறைக்கு அளவெடுக்க ஒரு பெண் வந்தாள். உள்ளங்கை, மணிக்கட்டு, முன்கை, முழங்கை, மேல்கை என்று ஒரே கையில் ஏழு இடத்தில் டேப் வைத்தாள். மாஸ்டரம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். டேப் முறுக்கிக்கொள்ளவில்லை, ஒரு இடத்திலும் தோலை அழுத்தவில்லை. "நீ நல்லா அளக்குறேம்மா" என்றார். அந்தப் பெண்ணுக்கு, தனக்குக் கிடைத்தது எவ்வளவு பெரிய பட்டம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

மகளுக்கு அன்றே போன் போட்டார். எல்லாவற்றையும் சொன்னார். "இத்தனை நாள் இதை மனசுல வச்சுக்கிட்டா எனக்குக் கூடாரம் தச்சு அனுப்பிட்டு இருந்தே?" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. தன் டாக்டரிடம் சொல்வதாகவும், அடுத்த சட்டை தன் அளவுக்கே வேண்டும் என்றும் சொன்னாள்.

மறுவாரம் மாஸ்டரம்மா தனக்கு ஒரு சட்டை வெட்டினார். காஜாதான் வழக்கம்போலத் துணியை இரண்டாக மடித்து மேசையில் விரித்தாள். "மடிப்பைப் பிரி" என்றார் மாஸ்டரம்மா. காஜா புரியாமல் பார்த்தாள். அவரே பிரித்தார். ஒற்றையாகக் கிடந்த துணியில் வலது கையை முதலில் வரைந்து வெட்டினார், உறையோடு நுழைகிற அளவுக்கு. பிறகு இடது கையைத் தனியாக வரைந்து தனியாக வெட்டினார். முப்பது வருஷத்தில் அந்த மேசையில் இரண்டு கைகளும் தனித்தனியாகப் பிறந்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அளவு கொடுக்க வருகிற யாருக்கும் இரண்டு கையையும் அளந்துதான் எழுதுகிறார். எதற்கு என்று கேட்டால், "கழுத்துல டேப்பைத் தொங்கவிட்டுக்கிட்டு ஏமாந்த கதை வேணுமா?" என்று சொல்லி, கதையையும் சொல்லித்தான் விடுகிறார்.

படி ஏறுவது பழகிவிட்டது. நாலாவது மாடிக்கு ஒரே மூச்சில் ஏறுகிறார், வீட்டுக்காரர்தான் மூன்றாவது மாடியில் நின்று கட்டடத்தின் லிஃப்டைப் பரிசோதிப்பதாகப் பாவனை செய்கிறார். பிஸ்கட் நாலிலிருந்து ஒன்றாகி, அந்த ஒன்றுக்கும் ஆறு டீயில் ஒரு டீயோடு மட்டும்தான் அனுமதி. கோபம் மட்டும் ஒரு நூல்கூடக் குறையவில்லை. நோட்டில் இப்போது இரண்டு வரிசை: இடது, வலது. வித்தியாசம் இரண்டரையில் தொடங்கி இரண்டு, ஒன்றரை என்று இறங்கியது. சுழியத்துக்கு வராமலும் போகலாம், ஆயுசுக்கும் கவனிக்க வேண்டியதுதான் என்று சிஸ்டர் சொல்லிவைத்திருக்கிறார். கவனிக்கத் தெரியாதா எனக்கு என்று இவர் சொல்லவில்லை. அந்த மாதிரிப் பேசுவதை விட்டுவிட்டார்.

நாலாவது மாதம் ஒரு நாள், துணியை வெட்டிக்கொண்டிருக்கும்போது கத்திரி கையிலிருந்து நழுவியது. மறுபடி எடுத்தார், மறுபடி வளையத்துக்குள் விரல் ஆடியது. அதை எடுத்துக்கொண்டு மாஸ்டரம்மா நேராகச் சாணைக்காரரிடம் போனார். தூரத்தில் அவரைக் கண்டதுமே அந்த மனிதர் சக்கரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"என்னம்மா, இப்ப இரும்பு பெருத்துப் போச்சா?"

மாஸ்டரம்மா கத்திரியை அவர் கையில் கொடுத்தார். பிறகு உறை போட்ட வலது கையை அவர் முன்னால் நீட்டினார்.

"இரும்பு அப்படியேதான் இருக்கு. அன்னைக்கும் அப்படியேதான் இருந்துச்சு. வீங்கினது என் விரல், அண்ணே. உங்களைப் போய் திட்டிட்டேன்" என்றார். "இப்ப இளைச்சுப் போச்சு. வளையத்துல ஏதாவது சுத்திக் குடுங்க, வேலை கெடக்கு."